புல் மெஷின் கார்புரேட்டருக்குள் கம்பியை விடாதீர்கள்

தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நெருங்கும்போதும் சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்குப் புல் மெஷின்கள் வந்து குவியும். வீட்டைச் சுற்றியும் கோயிலைச் சுற்றியும் லாலான் இடுப்பளவு வளர்ந்திருக்கும், மெஷினை எடுத்துக் கயிற்றை இழுத்தால் உயிர் வராது. கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "போன தடவை நல்லா ஓடுச்சுண்ணே, வெட்டி முடிச்சு அப்படியே மாட்டி வச்சோம்." டேங்கில் பாதி பெட்ரோலோடு மாட்டி வைத்திருப்பார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெட்ரோல் நின்றால் கெட்டுப்போகும். சீக்கிரம் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும், மிச்சம் காற்றோடு சேர்ந்து மெல்லப் பிசினாக மாறும். தகரக் கொட்டகைச் சூட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும். 30 நாளுக்கு மேல் நின்ற பெட்ரோலைப் போடாதீர்கள் என்று பல கம்பெனிகளின் கையேட்டிலேயே இருக்கிறது. அதிலும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் நிற்பது கொஞ்சம்தான் என்பதால், டேங்கில் இருப்பதற்கு முன்னாலேயே அது காய்ந்துவிடும். திறந்து பார்த்தால், பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணத்தின் அடியில் பழுப்பு மஞ்சளாக ஒரு படலம் இருக்கும், நகத்தால் சுரண்டினால் ஒட்டிக்கொண்டு வரும், புளித்த வாடை அடிக்கும். மழைத் தண்ணீரும் இறங்கியிருந்தால் உலோகத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கும்.

அந்தப் படலம் போய் அடைப்பது ஜெட்டின் துளையை, அதாவது பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் திருகின் துளையை. மோட்டார் சைக்கிள், சின்ன ஜெனரேட்டர் இவற்றில் ஐடிலில் ஓடும்போது பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டில் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. குறுகலான இடத்தில் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறையும், அப்போது அந்தத் துளை வழியாகப் பெட்ரோல் மேலே ஏறும், எவ்வளவு ஏற வேண்டும் என்பதற்குத்தான் துளையை அவ்வளவு கணக்காகப் போட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் கம்பியை எடுப்பது இந்த இடத்தில்தான். பிரேக் கேபிளில் பிரித்த ஓர் இழை, துணிக்குக் குத்தும் ஊக்கு, கையில் எது கிடைக்கிறதோ அது. ஜெட் பித்தளை, மென்மையானது, இரும்பு உள்ளே போய்த் தேய்த்தால் துளை கீறி அகன்றுவிடும். அதற்கப்புறம் பிளக் கறுக்கும், புகை தள்ளும், பெட்ரோல் குடிக்கும், எத்தனை தடவை கழுவினாலும் அந்த ஜெட் பழைய அளவுக்குத் திரும்பாது. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள்: நல்ல ஜெட்டில் துளை சுத்தமான வட்டமாகத் தெரியும், கம்பி பட்டதில் ஓரம் பிசிறடித்திருக்கும். கார்புரேட்டர் கிளீனரில் ஊற வைத்து, காற்றால் ஊதி, மறுபடி ஊற வைத்தால் பெரும்பாலும் திறந்துவிடும். திறக்கவில்லையா, புது ஜெட் போடுங்கள், விலை ஒன்றும் அதிகமில்லை.

தோளில் மாட்டும் புல் மெஷின் பலவற்றிலும், செயின்சாவிலும், செம்பனைக் குலை வெட்டும் மோட்டார் கத்தியிலும் கிண்ணம் இருக்காது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் மெல்லிய சவ்வு வைத்த கார்புரேட்டர் போட்டிருப்பார்கள், வால்ப்ரோ, ஸாமா என்று மேலே எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதைக் கழுவும் முறையே வேறு. சவ்வு, கேஸ்கெட், ஊசி, பிரைமர் பல்பு என்று ரப்பர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் ஸ்பிரேயைத் தொட வேண்டும். கழற்றாமல் அடித்தால் ரப்பர் ஊதிப்போகும், காற்றை வேகமாக விட்டால் சவ்வு கிழியும். சவ்வை விரலில் வைத்துப் பாருங்கள், நல்லது துவளும், பழையது விறைத்துப்போய்ச் சடசடக்கும். விறைத்ததை எந்த மருந்தில் போட்டாலும் இளகாது, ரிப்பேர் கிட் வாங்கி மாற்றத்தான் வேண்டும். பம்ப் பக்கத்து மூடிக்கு அடியில் பொடி வலை ஒன்று உண்டு, அதை மறந்துவிட்டு மற்றதையெல்லாம் கழுவிப் பூட்டிக் கொண்டுவருகிறவர்கள் நிறைய.

இப்போது சொல்வதுதான் எனக்கு முக்கியம். போன மாதம் ஒரு தம்பி மெஷினைக் கொண்டுவந்தார். பவர் குறைந்ததாம், இணையத்தில் பார்த்துப் பக்கத்திலிருந்த ஸ்க்ரூவை உள்ளே முறுக்கினாராம், "அப்புறம் சூப்பரா கத்துச்சுண்ணே, அன்னைக்கு முழுக்க வெட்டினேன், சாயங்காலம் டப்புன்னு நின்னுடுச்சு." சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துக் காட்டினேன். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல், ரிங் அலுமினியத்தோடு ஒட்டிப்போய்க் கிடந்தது.

இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினுக்குத் தனியாக எண்ணெய் கிடையாது, பெட்ரோலோடு கலந்து போகிற எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். ஜெட் அடைத்துக்கொண்டாலும், வலை அடைத்துக்கொண்டாலும், முழு வேகத்தில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும், ஹெச் என்று போட்ட ஸ்க்ரூவை அளவுக்கு மேல் உள்ளே முறுக்கினாலும் பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்தே குறைகின்றன. சூடு ஏறுகிறது, வழுக்கல் போகிறது. அந்த நேரத்தில் இஞ்சின் சோர்ந்துபோகாமல் இன்னும் வேகமாக, மெல்லிய குரலில் அலறும், கேட்பவருக்குப் பவர் வந்துவிட்டதாகத் தோன்றும். சரியாக வைத்த மெஷின் சுமை இல்லாமல் முழு ஆக்சிலேட்டரில் கொஞ்சம் திக்கித் திக்கி ஓடும், புல்லில் கத்தி இறங்கியதும் குரல் தெளியும். சுத்தமாக அலறுகிறது என்றால் உடனே நிறுத்திவிட்டுத் தேடுங்கள். ஸ்க்ரூவின் அளவை மாற்றும் முன்னால், மெதுவாகக் கடைசிவரை உள்ளே திருப்பி எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் இறுக்கினால் முனை மழுங்கிவிடும்.

எண்ணெய்க் கலவையிலும் கண்ணால் அளக்காதீர்கள். 50:1 என்று போட்டிருந்தால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய், 25:1 என்றால் 200 மில்லி. உங்கள் மெஷினுக்கு எது என்று அதன் கையேட்டிலோ டேங்க் மேலோ இருக்கும். காருக்கு ஊற்றி மிஞ்சிய எண்ணெயை இதில் கலக்கவே கூடாது.

கார்புரேட்டர் மேல் பழி விழுந்து, உண்மையில் வேறு எதுவோ காரணமாக இருப்பதும் உண்டு. டேங்க் மூடியில் காற்று போகும் சின்ன வழி அடைத்துக்கொண்டால் மெஷின் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும், மூடியைத் தளர்த்தினால் மறுபடி ஓடும். டேங்கிற்குள் கிடக்கும் பில்டர், வெடித்த பெட்ரோல் டியூப், சைலன்சர் வாயில் கரி படிந்த வலை, தூசி ஏறிய ஏர் பில்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும். புது கார்புரேட்டரையே வாங்கிப் போட்டுவிடலாமே என்பார்கள். விலை குறைந்த மெஷினுக்கு அது சரிதான், நானும் அப்படிச் செய்வேன். ஆனால் டேங்கில் கசடு இருக்கும்போது மாட்டினால் புதியதும் அதே கதிக்குத்தான் போகும்.

கழுவும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இந்த வேலை நடப்பது முன் திண்ணையில், சாயங்காலம், பக்கத்தில் கொசுவர்த்தி புகைந்துகொண்டிருக்கும், சில வீட்டில் சாமி விளக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து போய்த் தீயைப் பிடிக்கும். வெளியே, காற்றோட்டத்தில், பகலில் செய்யுங்கள். ஸ்பிரே ஒரு துளையில் போய் மறு துளை வழியாக நேரே கண்ணுக்கு வரும், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்.

அப்புறம் மினரல் வாட்டர் போத்தல். எண்ணெய் கலந்த பெட்ரோல் சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கும், அதைப் போத்தலில் ஊற்றிக் குசினி வாசலில் வைத்தால் பிள்ளைகள் சிராப் என்று நினைத்துக் குடித்துவிடும். தயவுசெய்து பெட்ரோல் கேனில் ஊற்றிப் பூட்டி வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போனால் இன்னும் மோசம். நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் 999.

வேலை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்யுங்கள், பிறகு ஸ்டார்ட் பண்ணி, தானாக நிற்கும்வரை ஐடிலில் ஓட விடுங்கள். கிண்ணம் உள்ளதாக இருந்தால் அடியிலிருக்கும் ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தையும் வடியுங்கள். சவ்வு காய்ந்துவிடுமே, பெட்ரோலோடுதான் வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் திறந்து பார்த்தவரை பிசின் பிடித்துக் கெட்டதுதான் மிக அதிகம், அதனால் வடிப்பது நல்லது என்றே சொல்வேன். கலந்த பெட்ரோல் கேனில் மார்க்கரால் தேதி எழுதுங்கள். கோயில் மெஷின் மாதிரிப் பலர் கை படுவதற்கு, கமிட்டியில் ஒருவரிடம் மட்டும் அந்தக் கேனையும் மெஷினையும் ஒப்படைத்துவிடுங்கள். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே அவர் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டும். கோளாறு இருந்தால் அப்போதே கொண்டுவாருங்கள், கிட் வரவழைக்க எங்களுக்கும் நேரம் இருக்கும்.