முதல் ஒலி கேட்கும் வரை

நிரல் எழுதி ஒலியையும் இசையையும் உருவாக்க உதவும் திறமூல மென்பொருள்களைக் கற்பிப்பதும் அவற்றுக்கு நிரல் எழுதுவதும் என் தொழில். புதிதாக ஒரு மொழியையோ கருவியையோ எழுதி வெளியிடும் இளைஞர்கள் சில மாதங்கள் கழித்து வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இலவசமாகத்தான் கொடுக்கிறோம், வேகமாகவும் ஓடுகிறது, ஏன் சார் யாரும் பயன்படுத்துவதில்லை?"

நான் பங்களித்த ஒரு கருவியை 12 பேருக்கு அறிமுகப்படுத்திய பயிலரங்கில் இதற்கான விடையைக் கண்ணெதிரே பார்த்தேன். முற்பகல் முழுவதும் நிறுவுவதிலேயே கழிந்தது. வயலின் வாசிக்கும் பெண் ஒருவருக்கு மட்டும் சீக்கிரமே ஒலி வந்துவிட்டது. ஆனால் 440 ஹெர்ட்ஸ் என்று எழுதியவர், கேட்டவுடனே, "சுருதி ஏறியிருக்கு சார்" என்றார். கணினியில் ஒலி என்பது நொடிக்குப் பல்லாயிரம் அளவீடுகளின் வரிசை; அவற்றை மாதிரிகள் என்போம். எங்கள் கருவி நொடிக்கு 44,100 மாதிரிகள் என்று எண்ணிக்கொண்டு ஒலியை உருவாக்க, அவருடைய மடிக்கணினி அதை 48,000 என்ற வீதத்தில் ஒலித்தது. அதனால் 440 என்பது ஏறத்தாழ 479 ஆகி, ஒன்றரை ஸ்வரஸ்தானம் அளவுக்கு மேலே போயிருந்தது. திரையில் பிழைச்செய்தி எதுவும் இல்லை. தவறு தம்முடையது என்று நினைத்து அவர் கணினியை மூடிவைத்ததுதான் என்னை வருத்தியது.

மற்ற மென்பொருள்களில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் கண்ணுக்கு ஏதாவது தெரியும். ஒலியிலோ பல வேளைகளில் மௌனம் மட்டுமே மிஞ்சும். அது ஹெட்போனின் குறையா, இயங்குதளத்தின் அமைப்பா, எழுதிய நிரலின் தவறா என்று புதியவரால் பிரித்தறிய முடியாது. கருவியை எழுதுபவர்களின் கவனமோ வேறிடத்தில் இருக்கிறது. 48,000 வீதத்தில் 256 மாதிரிகள் கொண்ட ஒரு பஃபரை, அதாவது ஒலிச்சாதனத்துக்குப் போகும் முன் மாதிரிகள் சேரும் தற்காலிக இடத்தை, நிரப்ப 5.3 மில்லி நொடிதான் கிடைக்கும், தவறினால் ஒலி வெட்டும் என்பதால், ஒலியைக் கணக்கிடும் அந்த இயந்திரப் பகுதியிலேயே ஆண்டுக்கணக்கில் உழைத்துவிட்டு, நிறுவும் வழியையும் எடுத்துக்காட்டுகளையும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நானும் அப்படித் தள்ளியிருக்கிறேன்.

இன்னொரு காரணம் நம்பிக்கை. இத்துறையில் நிலைத்துவிட்ட மொழிகளில் சிசவுண்ட் 1986-இலும், பியூர் டேட்டாவும் சூப்பர்கொலைடரும் 1996-இலும் வெளிவந்தவை. இசையமைப்பவர் ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது தம் படைப்பையே அதனிடம் ஒப்படைக்கிறார். பழைய சிசவுண்ட் கோப்புகள் இன்றும் ஒலிக்கும்படி அதைப் பராமரிப்பவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நேற்று வந்த மொழி, அடுத்த பதிப்பிலேயே இலக்கணத்தை மாற்றினால், மூன்று மாத உழைப்பை அதில் போட எவருக்கும் மனம் வராது.

புதியவை நுழையவே முடியாது என்பதல்ல. சாம் ஆரன் உருவாக்கிய சோனிக் பை, ஒலிக்கு சூப்பர்கொலைடரின் இயந்திரத்தையே எடுத்துக்கொண்டு, பள்ளிக் குழந்தைகள் 'பிளே 60' (60 என்பது ஸ்வரத்தின் எண்) என்று எழுதிப் பொத்தானை அழுத்தியதும் ஒலிக்கும்படி செய்தது. ஸ்ட்ரூடல் என்ற இசை நிரலாக்கக் கருவி இணைய உலாவியிலேயே ஓடுவதால் நிறுவ வேண்டிய வேலையே இல்லை. பிரான்ஸின் லியோன் நகரில் கிராம் என்ற இசை மையத்தில் பிறந்த ஃபௌஸ்ட் என்ற மொழி, "உன் கருவிகளை விட்டு வா" என்று எவரையும் கேட்பதில்லை. அதில் எழுதிய நிரல் பிளக்இன்னாகவோ (வேறொரு இசை மென்பொருளுக்குள் செருகி இயக்கும் துணை நிரல்) பியூர் டேட்டாவுக்குள் ஒரு பெட்டியாகவோ மாறி, இசைக்கலைஞர் ஏற்கெனவே பழகிய இடத்துக்கே போய்ச் சேர்கிறது.

ஆகவே வெளியிடுவதற்கு முன், நிரலாக்கம் அறியாத ஓர் இசைக்கலைஞரை அவருடைய கணினியின் முன்னே உட்காரவைத்து, நீங்கள் வாய் திறக்காமல், முதல் ஒலி கேட்க எத்தனை நிமிடங்கள் ஆகின்றன என்று பாருங்கள். அவர் தயங்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்; புதிய வசதி எதையும் சேர்ப்பதற்கு முன் அவற்றைச் சரிசெய்யுங்கள்.

அந்தப் பயிலரங்குக்குப் பிறகு எங்கள் கருவி, திறந்தவுடன் ஒலிச்சாதனத்தின் மாதிரி வீதத்தைக் கேட்டறிந்து அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது. சாதனத்தின் பெயரையும் வீதத்தையும் சாளரத்தின் மேற்பகுதியில் காட்டுகிறது. அதற்கு எங்களுக்கு ஒரு பிற்பகல்தான் தேவைப்பட்டது.