தலையாட்டினால் போதாது, வாயால் சொல்லுங்கள்

லண்டனில் ஆஸ்பத்திரிகளிலும் அகதித் தஞ்ச வழக்குகளிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். நடந்ததே திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்துப் பொறுமை போய்விட்டதால் இதை எழுதுகிறேன். (ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், எங்கள் தொழிலில் ரகசியம் காப்பது கட்டாயம்.)

ஒரு வயதான அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின் குளிசையை ஐந்து நாளைக்கு முன்பே நிறுத்தும்படி டொக்டர் விளக்கியிருக்கிறார். அம்மா தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டியிருக்கிறார். நோயாளிக்குப் புரிந்தது, சம்மதம் என்று கோப்பில் ஏறிவிட்டது. அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லை. கூட வந்த மகன் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னாராம். சத்திரசிகிச்சைக்கு வந்த காலையில்தான் குளிசை நிற்கவே இல்லை என்பது தெரிகிறது, எல்லாம் ரத்து. நிறுத்தச் சொன்னது புரிந்ததா என்று தாதி கேட்டதை நான் தமிழில் கேட்டபோது அம்மா சொன்ன பதில்: "டொக்டர் கதைக்கேக்க மரியாதைக்குத் தலையாட்டினனான் பிள்ளை."

இதில் அம்மாவில் ஒரு பிழையும் இல்லை. நம் தலையாட்டலுக்கு 'சரி' என்றும் பொருள், 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்' என்றும் பொருள், 'எனக்கு விருப்பமில்லை, ஆனால் பெரியவர் நீங்கள் சொல்கிறீர்கள்' என்றும் பொருள். எது என்பது நமக்குள் பார்த்த கணத்தில் தெரியும். அதைப் பழகாத ஆங்கிலேயருக்கு அதே ஆட்டல் 'இல்லை' போலவும் தெரியலாம், 'யோசிக்கிறேன்' போலவும் தெரியலாம். மருந்து வேண்டாம் என்கிறார் என்று எழுதப்பட்ட நோயாளிகளும் உண்டு. பல்கேரியாவில் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், இல்லை என்பதற்கு மேல்நோக்கித் தூக்குவார்கள். கிரேக்கத்திலும் துருக்கியிலும்கூட இல்லை என்றால் தலை மேலே போகும், கூடவே நாக்கில் ஒரு 'ச்ச்'. அந்த 'ச்ச்' நம்மிடமும் இருக்கிறது, நாம் அதைப் பரிதாபப்படவும் பயன்படுத்துவோம். அப்படியிருக்க, ஆங்கில டொக்டர் எதைப் பிடித்துக்கொண்டு எதைப் புரிந்துகொள்வார்?

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது இதுவல்ல. "பேச்சில் 93 சதவீதம் உடல்மொழிதான், சொற்கள் வெறும் 7 சதவீதம்" என்று பயிற்சி வகுப்புகளிலும் யூடியூபிலும் ஓதுகிறார்களே, அதுதான். தமிழில் இதைச் சொல்லாத தன்னம்பிக்கைப் பேச்சாளர் அரிது. அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? கலிஃபோர்னியாவில் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு அது: சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55. ஓர் ஆய்வில் தனித்தனிச் சொற்களைப் பல தொனிகளில் பதிவு செய்து கேட்க வைத்தார்கள். இன்னொன்றில் 'மேபி' (இருக்கலாம்) என்ற ஒற்றைச் சொல்லை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, கூடவே முகப்படங்களைக் காட்டி, பேசுபவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். அவ்வளவுதான். முழு வாக்கியம் கிடையாது, உரையாடல் கிடையாது, வேற்று நாட்டவரோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் கிடையாது. விருப்பு வெறுப்பைப் பற்றிப் பேசும்போது தவிர வேறெங்கும் இந்தச் சமன்பாடு பொருந்தாது என்று மெஹ்ராபியனே எழுதி வைத்திருக்கிறார். ஐந்து நாளைக்கு முன்பே குளிசையை நிறுத்து என்பதை எந்த முகபாவம் சொல்லும்? இந்த 93ஐ நம்பி வருகிறவர்கள்தான் நம் அம்மாவின் தலையைப் பார்த்தே எல்லாம் தெரிந்துவிட்டது என்று அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.

"முகபாவம் உலகம் முழுக்க ஒன்றுதான் என்று எக்மன் நிரூபித்தாரே" என்று அடுத்து வருவார்கள். உளவியலாளர் பால் எக்மன் சொன்னது அடிப்படை உணர்ச்சிகள் சிலவற்றின் முகத்தோற்றத்தைப் பற்றி, அதிலும் இன்று வரை சர்ச்சை இருக்கிறது. சொல்லுக்குப் பதிலாக வரும் தலையாட்டல், கைச்சைகை போன்றவை அந்தந்தச் சமூகத்தில் கற்றுக்கொள்ளப்படுபவை என்று 1969இல் அவரும் சக ஆய்வாளர் ஃப்ரீசனும் சேர்ந்தே எழுதினார்கள்.

கண்ணுக்கு வருவோம். அதிகாரி முன்னால் கண்ணைத் தாழ்த்துவது நமக்கு மரியாதை, இங்கே அது மறைக்கிற அடையாளமாகிவிடுகிறது. பார்வையை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்பதே தவறு. உண்மை எது, பொய் எது என்று மனிதர்கள் சரியாகச் சொல்வது சராசரியாக 54 சதவீதம்தான் என்று ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் பாண்ட், டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் காட்டினார்கள், நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். 2018இல் இலங்கையர் ஒருவரின் தஞ்ச வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி லெகட், சாட்சியின் தோரணையை வைத்து உண்மையை எடைபோடுவது நம்பத்தகாதது, பெரும்பாலும் ஆபத்தானது என்று விரிவாக எழுதினார். உங்கள் சட்டத்தரணிக்கு அந்தத் தீர்ப்பு தெரியுமா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சரி, என்ன செய்வது? 1976இலேயே ஆஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில் நீதிபதி ஃபார்ஸ்டர், பொலிஸ் ஆதிக்குடி மக்களை விசாரிக்கும்போது என்ன செய்யவேண்டும் என்று அனுங்கா வழக்கில் வழிகாட்டுதல் தந்தார். கேள்வி கேட்பவரைத் திருப்திப்படுத்த ஓம் என்று சொல்லிவிடுகிறார்கள், அதனால் 'புரிகிறதா' என்று கேட்டு விடாதீர்கள், விளக்கியதை ஒவ்வொரு பகுதியாக அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள் என்றார். ஆஸ்பத்திரிக்கும் இது அப்படியே பொருந்தும்.

இங்கே வேலை செய்யும் நம் டொக்டர்மாரும் தாதிமாரும் தயவுசெய்து நோயாளியையே இப்படித் திருப்பிச் சொல்ல வையுங்கள், அந்த ஆட்டலின் பொருள் உங்களுக்குத் தெரியும், கூட நிற்கும் ஆங்கிலேயருக்குத் தெரியாது. அம்மா, அப்பா, உங்களிடம் ஒரு கெஞ்சல்: ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை, விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள், அதனால் டொக்டருக்கு மரியாதை குறைந்துவிடாது. தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு என்றால் இன்னும் முக்கியம், எனக்கு உங்கள் தலை தெரியாது, நீங்கள் ஆட்டும் நேரம் முழுக்க எனக்குக் கேட்பது மௌனம்தான். பிள்ளைகளே, நீங்கள் மொழிபெயர்க்கப் போகாதீர்கள், அதிலும் பள்ளிக்கூடம் போகும் சின்னவர்களை ஒருபோதும் அனுப்பாதீர்கள், தாயின் கர்ப்பப்பை விஷயத்தைப் பத்து வயதுப் பையன் சொல்லவேண்டுமா? இங்குள்ள அரச மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி காசு கட்டத் தேவையில்லை. கடிதம் வந்த அன்றே அதில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், யாழ்ப்பாணத் தமிழா இந்தியத் தமிழா என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், முதல் நாள் திரும்ப ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.