மிதுன ராசிக்குக் கேட்காத குளிசை

மாரடைப்பு வந்தவருக்கு அஸ்பிரின் கொடுத்தால் பிழைக்கும் வாய்ப்புக் கூடும். ஆனால் மிதுனம், துலாம் ராசிக்காரருக்கு மட்டும் அது உதவாது. யாழ்ப்பாணத்தில் இதைச் சொன்னால் "கிரகம் சரியில்லை, வேறென்ன" என்று யாராவது தலையாட்டக்கூடும். சொன்னது சாத்திரியார் அல்ல. 1988இல் லான்செற் மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வு.

ஐசிஸ்-2 என்ற அந்த ஆய்வில் 17,187 நோயாளர். யாருக்கு அஸ்பிரின், யாருக்கு மருந்தில்லாத வெறுங்குளிசை என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது. ஐந்து கிழமைக்குள் வெறுங்குளிசைக்காரரில் 100க்கு 11.8 பேர் இதய, இரத்தக்குழாய்க் கோளாறால் இறந்தனர். அஸ்பிரின் எடுத்தவர்களில் 9.4 பேர். வித்தியாசம் 100க்கு இரண்டரைப் பேர்கூட இல்லை! பக்கத்துக்கு நூறு பேரை வைத்துப் பார்த்திருந்தால் 12க்கு 9 என்று வந்திருக்கலாம், 9க்கு 12 என்று தலைகீழாகவும் வந்திருக்கலாம். ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ப்பது இதற்காகத்தான்.

சரி, ராசி எங்கிருந்து வந்தது? வயது, நோய் என்று கூறுபோட்டுக் காட்டும்படி சஞ்சிகைக்காரர் கேட்டார்கள். அப்படிக் கூறுபோட்டால் தற்செயலாகவே ஏதாவது ஒரு கூறில் தப்பான விடை வரும் என்று காட்டவே, ஆய்வுக்குழுவின் ரிச்சர்ட் பீற்றோ ராசியையும் சேர்த்தார்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு குற்றி போதும். ஒவ்வொரு ராசிக்கும் பத்துத் தரம் சுண்டி, தலை விழுந்ததை எழுதுங்கள். பன்னிரண்டில் ஒரு ராசிக்காவது எட்டோ அதற்கு மேலோ தலை விழ ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான் சுண்டியபோது விருச்சிகத்துக்கு எட்டு. அம்மா விருச்சிகம்; அன்று முழுக்க அவருக்கு ஒரே புளுகம்.

மருந்தாய்வில் இந்தப் புளுகம் ஆபத்து. உதவாத மருந்து தற்செயலால் உதவுவதுபோல் தோன்ற 100க்கு 5 வாய்ப்பு என்பது வழக்கமான எல்லை. ஒன்றோடொன்று ஒட்டாத 20 கேள்விகள் கேட்டால், எங்காவது ஒரு பொய்வெற்றி கிடைக்கும் வாய்ப்பு 64 வீதம். அதனால்தான் எதை அளக்கப்போகிறோம் என்று முதலே எழுதிப் பதியச் சொல்கிறார்கள். மாங்காய்க்குக் கல்லெறிபவன் எந்தக் காய் என்று சொல்லிவிட்டு எறியவேண்டும். விழுந்தபின் "இதைத்தான் குறிவைத்தேன்" என்றால் யார் நம்புவது?

இன்னொன்று. அவர்கள் பார்த்தது பிறந்த திகதிப்படியான மேல்நாட்டு ராசி. நம் முறையில் சந்திரனை வைத்துப் பிரித்திருந்தால் மிதுனமும் துலாமும் தப்பி வேறு யாராவது மாட்டியிருப்பார்கள். அதிலும் வாக்கிய பஞ்சாங்கத்துக்கு ஒரு விடை, திருக்கணித பஞ்சாங்கத்துக்கு இன்னொரு விடை வந்தாலும் ஆச்சரியமில்லை.