கீழே போய் வாங்கி வந்த ஊசி

இப்படி ஓர் ஊசி போட்டுக்கொண்டு இந்த ஆண்டில் என்னிடம் வந்த மூன்றாவது குடும்பம் இது. கோத்தகிரிப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பா பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டி வைத்திருந்தார். 'வைத்திருந்தார்' என்று எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது, அந்த வண்டி இப்போது வேறொருவரிடம் ஓடுகிறது. எட்டு வயதுப் பையன். அறைக்குள் வந்தவன் நாற்காலியில் உட்காரவில்லை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்கார்ந்தால் எழுவது எவ்வளவு பாடு என்பது அவனுக்குத் தெரியும்.

அம்மா பையிலிருந்து பளபளப்பான காகிதக் கோப்பு ஒன்றை எடுத்து வைத்தார். "கீழே, சமவெளியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சியில் சேர்த்திருக்கிறோம் டாக்டர். ஸ்டெம் செல் ஊசி. மூன்று தவணை போட்டாயிற்று. நான்காவதுக்குப் பணம் புரட்ட முடியவில்லை. அதனால்தான் பிள்ளைக்கு மறுபடி நடை தளர்ந்துவிட்டது." ஏதோ தப்புச் செய்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அந்தத் தலைகுனிவு பொறுக்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பையனுக்கு இருப்பது டூஷேன் தசைச் சிதைவு நோய். 1860களில் இதை விரிவாக விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. ஆண் குழந்தைகளில் சுமார் 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவருக்கு வருகிறது. தசை நார்களைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடலில் உருவாவதில்லை. அவ்வளவுதான் நோய். மற்றதெல்லாம் அதன் விளைவு.

நம் மலையில் இந்த நோய் முன்கூட்டியே கண்ணில் பட வேண்டும். ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்க நாற்பது படி, பள்ளிக்கு ஏற அறுபது படி. படியேறும்போது கைப்பிடியை இழுத்துக்கொண்டு ஏறுகிறானா, தரையிலிருந்து எழும்போது கைகளை முழங்காலிலும் தொடையிலும் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல எழுகிறானா என்று பார்த்தால் போதும். ஆனால் பார்ப்பவர்கள் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். வாத்தியார் 'சோம்பேறி' என்கிறார். தாத்தா, தடித்த கெண்டைக்காலைத் தட்டி, "மலையில் வளர்ந்த கால் பார்" என்று பெருமைப்படுகிறார். அந்தத் தடிப்பில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பும் நார்த்திசுவும்.

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து வயதுப் பையனுக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் பரிசோதனை அளவுகள் இரண்டும் ஏறியிருந்தால் உடனே கல்லீரல் என்று எழுதிவிடாதீர்கள். அந்த நொதிகள் தசையிலும் இருக்கின்றன. தசை சிதையும்போது இரத்தத்தில் கசியும் நொதியை அளக்கும் சி.கே. என்ற ஒரு இரத்தப் பரிசோதனை எழுதுங்கள். சில நூறுகளுக்குள் இருக்க வேண்டியது பத்தாயிரத்தைத் தாண்டி வந்து நிற்கும். இந்தப் பையனுக்கும் முதல் ஆறு மாதம் கீழாநெல்லிதான் கொடுத்தார்கள்.

சரி, 'ஆராய்ச்சி'க்கு வருவோம். என் பொறுமையைச் சோதிக்கும் சொல் இதுதான்.

ஆராய்ச்சியில் சேர்ந்தவர் பணம் கட்டுவதில்லை. இதை இன்னொரு முறை எழுதுகிறேன்: ஆராய்ச்சியில் சேர்ந்தவர் பணம் கட்டுவதில்லை. இன்னும் பலன் தெரியாத ஒன்றை உங்கள் பிள்ளையின் உடம்பில் போட்டுப் பார்க்கிறார்கள் என்றால், உபகாரம் செய்வது நீங்கள். ஆய்வு மருந்துக்கு உங்களிடம் விலை கேட்கக் கூடாது. அதனால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு அவர்களுடையது, இழப்பீடும் உண்டு. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஆய்வு முறையானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு ஒன்று ஒப்புதல் தந்திருக்க வேண்டும். 2009 ஜூன் முதல், இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை 'சி.டி.ஆர்.ஐ.' என்ற தேசியப் பதிவேட்டில் முதலிலேயே பதிவது கட்டாயம். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பதிவு எண் இருந்தால் மட்டும் ஆய்வு நல்லது என்றாகிவிடாது. எண்ணே இல்லை என்றால் பேச்சுக்கே இடமில்லை.

அந்தக் கோப்பை முழுதும் புரட்டினேன். சிரிக்கும் குழந்தைகளின் படங்கள் இருந்தன, வங்கிக் கணக்கு எண் இருந்தது. பதிவு எண் இல்லை, நெறிமுறைக் குழுவின் பெயர் இல்லை, ஊசியில் என்ன செல், எத்தனை செல் என்ற விவரமும் இல்லை.

ஸ்டெம் செல் (உடம்பின் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவானது. சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று தவிர, மற்றப் பயன்பாடெல்லாம் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. முறையான அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சை என்று விற்கக் கூடாது. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை ஆய்வில் சேர்ப்பதானால் அந்தப் பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும் என்று அதே கழகத்தின் நெறிமுறைகள் சொல்கின்றன. "உன்னிடம் யாராவது கேட்டார்களா?" என்றேன். பையன் அம்மாவைப் பார்த்தான். முதுகில் ஊசி போடும்போது அழக் கூடாது என்று சொன்னார்களாம்.

"ஆனால் டாக்டர், முதல் ஊசிக்குப் பிறகு நன்றாகத்தானே இருந்தான்? படியெல்லாம் தானாக ஏறினானே?" என்றார் அப்பா. வருகிற எல்லோரும் கேட்பது இதைத்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

முதல் ஊசி போட்டபோது பையனுக்கு ஐந்தரை வயது. அந்த வயதில் எந்தப் பிள்ளையும் வளர்கிறது. மூளை பக்குவப்படுகிறது, சமநிலை கைவருகிறது, ஓடக் கற்றுக்கொள்கிறது. டூஷேன் உள்ள பிள்ளையிடம் இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கின்றன: ஒரு பக்கம் வளர்ச்சி, இன்னொரு பக்கம் தசை அழிவு. ஆறு, ஏழு வயது வரை வளர்ச்சியின் கை ஓங்கியிருக்கும். பிறகு அழிவின் கை ஓங்கும். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இப்படித்தான். கூடவே அந்த ஆஸ்பத்திரியில் தினமும் பிசியோதெரபி கொடுத்திருக்கிறார்கள். சீட்டைப் பார்த்தால் ஸ்டீராய்டு மாத்திரையும் தொடங்கியிருக்கிறார்கள். மாத்திரை செய்த வேலைக்கு ஊசி பெயர் வாங்கிக்கொண்டது.

நான் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். டூஷேனுக்கு அமெரிக்காவில் 2023இல் ஒரு மரபணுச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு முறை ஏற்றுவதற்கு 32 லட்சம் டாலர். அதை உறுதிசெய்ய நடந்த பெரிய ஆய்வில் நான்கு முதல் ஏழு வயது வரையான 125 பிள்ளைகள் சேர்ந்தார்கள். எல்லோரும் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு உண்மை மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்றுத் திரவம். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. எழுவது, ஓடுவது, படியேறுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 34 புள்ளி. ஓராண்டு கழித்து மருந்து பெற்றவர்கள் சராசரியாக 2.6 புள்ளி ஏறியிருந்தார்கள். வெற்றுத் திரவம் பெற்றவர்கள்? 1.9 புள்ளி. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால், முக்கிய இலக்கில் அந்த ஆய்வு தேறவில்லை என்றே கணக்கு.

எதுவும் இல்லாத வெற்றுத் திரவத்தை ஏற்றிக்கொண்ட பிள்ளைகளும் ஓராண்டில் முன்னேறினார்கள். அவர்களின் பெற்றோரில் எத்தனை பேர் 'மருந்து வேலை செய்கிறது' என்று சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பார்கள்! ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் ஐந்து வயதுப் பிள்ளையைக் காட்டி, "பாருங்கள், நடக்கிறான்" என்பவர் ஒன்று அறியாதவர், அல்லது நன்றாக அறிந்தவர். எது மோசம் என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

நான்காவது ஊசிக்குப் பணம் இல்லாததால் அவன் தளரவில்லை, அம்மா. அவனுக்கு எட்டு வயதாகிவிட்டது. அதனால் தளர்ந்தான்.

நரம்பு, மூளை ஆராய்ச்சி நம் மலைக்குப் புதிதல்ல. குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு அருகே இருக்கும் பாஸ்டர் நிலையம் 1907இல் வெறிநாய்க்கடிக்காகத் தொடங்கியது. அங்கே ஒரே ஓர் அறையில்தான் 1918இல் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். கால் நரம்புகளைச் சாகடிக்கும் நோய் அது. தீட்டிய அரிசியில் போன சத்துதான் காரணம். அந்த அறை வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆட்டு மூளையில் தயாரித்த மருந்து. அது வெறிநோயிலிருந்து காப்பாற்றியது. கூடவே சிலருக்கு, மருந்தில் கலந்திருந்த மூளைத் திசுவாலேயே மூளையும் தண்டுவடமும் வீங்கிக் கைகால் விழுந்தது. இது எப்படித் தெரிந்தது? யாருக்கு எத்தனையாவது ஊசியில் என்ன ஆனது என்று எழுதிவைத்தவர்கள் இருந்தார்கள். மாற்று மருந்து தேடினார்கள். 2004 டிசம்பரில் இந்தியாவில் அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பே நின்றது. இன்று போடுவது செல் வளர்ப்பில் தயாராகும் ஊசி, போடுவது கையில்.

கெட்டதையும் எண்ணி எழுதிவைப்பதுதான் ஆராய்ச்சி. மேலே சொன்ன மரபணுச் சிகிச்சையிலும் 2025இல், நடக்கும் திறனை இழந்திருந்த இரண்டு சிறுவர்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அது ஊரறிய வெளிவந்தது, மருந்தைக் கொடுப்பதில் கட்டுப்பாடுகள் வந்தன. பளபளப்பான கோப்பு வைத்திருப்பவர்களிடம், இதுவரை ஊசி போட்டவர்களில் எத்தனை பேருக்குப் பலன் இல்லை, எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஊசியை முதுகுத்தண்டில் போட்டுக்கொள்ளச் சம்மதிப்பவர்கள், நான் ஸ்டீராய்டு என்றதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். உடம்பு ஊதும், உயரம் குறையும், எலும்பு மெலியும். எல்லாம் உண்மை, நான் மறைக்கவில்லை. ஆனால் நடையைச் சில ஆண்டுகள் நீட்டிக்கும் என்று மறுபடி மறுபடி நிரூபணமான, ஏழைக்கும் எட்டுகிற விலையில் கிடைக்கிற மருந்து அதுதான். அதைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாத்திரை தீர்ந்துவிட்டது, மழையில் ரோடு சரிந்துவிட்டது, பஸ் வரவில்லை என்றெல்லாம் காரணம் சொல்லாதீர்கள். இரண்டு வாரத்துக்கான மாத்திரை கூடுதலாக எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 'மலையேறினால் தசை வலுக்கும்' என்று பிள்ளையை ஏற்றி இறக்காதீர்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் கெடுதல், தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் அதிகம் கிழிகிறது. புத்தகங்களில் நீச்சல் நல்லது என்று போட்டிருக்கும். ஊட்டியில் இருந்துகொண்டு வெதுவெதுப்பான நீச்சல் குளத்துக்கு நான் எங்கே போவேன்? கணுக்காலைத் தினமும் நீட்டிவிடுங்கள், இரவில் பட்டை கட்டுங்கள். நடக்கிற பையனுக்கும் ஆண்டுக்கொரு முறை எக்கோ எடுங்கள், இதயமும் தசைதான். எந்த அறுவைச் சிகிச்சை என்றாலும், பல் பிடுங்க மயக்கம் கொடுப்பதானாலும், மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். சில மயக்க மருந்துகள் இந்தப் பிள்ளைகளின் இதயத்தை மேசையிலேயே நிறுத்திவிடும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச் சிதைவு நோயும் இருக்கிறது. சான்றிதழ் வாங்க வெட்கப்படாதீர்கள். மாநில அரசின் மாதாந்திரப் பராமரிப்புத் தொகை அதை வைத்துத்தான் கிடைக்கும்.

இன்னொன்று. பாட்டிமார்களே, மருமகளைத் திட்டுவதை நிறுத்துங்கள். சொந்தத்தில் கட்டியதால் இந்த நோய் வரவில்லை. தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக மகனுக்கு வரும், அதற்கு அப்பா யார் என்பது பொருட்டே அல்ல. ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்குத் தாயிடமும் இல்லாத புதிய மாற்றமாகவே வருகிறது. தாய்க்கும் அவருடைய சகோதரிகளுக்கும் மரபணுச் சோதனை செய்யச் சொல்வது பழி போடுவதற்கல்ல, அடுத்த கருவுக்கு முன்னால் தெரிந்துகொள்வதற்காக.

அந்தப் பையனின் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, இப்போது நான்கு மாதக் கர்ப்பிணியாம். பேச்சு எல்லாம் முடிந்து, கோப்பைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று சொல்கிறார்கள். அடுத்த நாளே கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். இந்த முறை அவர்கள் கீழே போனது ஒரு குழாய் இரத்தம் கொடுக்க.

என்னிடம் வருகிறவர்கள் பழைய சி.கே. அறிக்கை, மரபணு அறிக்கை, மாத்திரைச் சீட்டு, இவற்றை மட்டும் கொண்டுவாருங்கள். மூளை ஸ்கேன் வேண்டாம். பையனுக்கு அரைக்கால் சட்டை போட்டு அழைத்துவாருங்கள், கெண்டைக்காலை நான் பார்க்க வேண்டும்.