பெடல் இறங்கும்வரை காத்திருக்காதீர்கள்

"பிரேக் எல்லாம் நல்லாத்தான் பிடிக்குது அண்ணை, சத்தம் ஒண்டுதான்." இந்தக் கதையோடு கராஜுக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. போன கிழமை அப்படி வந்தது மணற்காட்டுப் பக்கம் மணலில் ஓடுகிற ஒரு ஏ.டி.வி., அதுதான் நாலு சில்லு மோட்டார் சைக்கிள். பின் கலிப்பரை, அதாவது பிரேக் பேட்களைப் பிடித்து அழுத்துகிற பகுதியைக் கழற்றினால், உள்பக்க பேடில் உராயும் பகுதி துளியும் இல்லை. வெறும் இரும்புத் தகடு, சில்லோடு சேர்ந்து சுற்றுகிற டிஸ்கைத் தின்றிருந்தது. நகத்தால் தடவினால் நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கீறல். பேட் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, டிஸ்கும் வாங்குகிற வேலையாகிவிட்டது.

எங்கள் ஆட்கள் பலர் டிரம் பிரேக்கில் ஓடிப் பழகியவர்கள். அதில் உள்ளே உராய்கிற லைனர் தேயத் தேயப் பெடல் கீழே இறங்கும். பின் சில்லடியில் இருக்கிற நட்டை இரண்டு சுற்று இறுக்கினால் சரி. அதே கணக்கை டிஸ்கிலும் போடுகிறார்கள். டிஸ்கில் பெடல் அப்படி இறங்காது. பேட் எவ்வளவு தேய்கிறதோ, அந்தளவுக்குக் கலிப்பருக்குள் பேடைத் தள்ளுகிற பிஸ்டன் முன்னால் வந்து நிற்கும். அந்த இடத்தைப் பிரேக் ஒயில் நிரப்பும். அதனால் பேட் முடிகிற நாளிலும் பெடல் புதிது போலவே இருக்கும். பெடலை மிதித்துப் பார்த்துப் பேட் நல்லதென்று சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. டோர்ச் அடித்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதுவும் இரண்டு பக்கமும். உப்புக் காற்றில் கலிப்பர் அசைய விடுகிற சிலைட் பின் இறுகிப்போனால் ஒரு பேட் மட்டும் தேயும். வெளிப்பக்கத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார்.

பிரேக் ஒயில் டாங்கியில் மட்டம் குறைந்திருந்தால், கசிவு இல்லையென்றால், பேட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் பெடியள் என்ன செய்கிறார்கள்? மேலே ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். பிறகு புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அது வழிந்து பெயின்ற் முழுக்க ஊற்றுகிறது. டொட் 4 என்கிற வகைப் பிரேக் ஒயில் பெயின்றைத் தின்னும். பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். அது ஈரத்தையும் உறிஞ்சும். புது ஒயில் 230 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும். திறந்து மாதக்கணக்கில் வைத்த போத்தலை எறிந்துவிடுங்கள். பிரேக் ஒயில் டாங்கியின் மூடியில் என்ன டொட் இலக்கம் இருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

பேட் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பல வாகனங்களுக்கு 1 மில்லிமீற்றர்தான் கடைசி எல்லை. நான் 2 இலேயே மாற்றச் சொல்வேன். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பிஸ்டனைத் தள்ள முன் அதில் ஒட்டியிருக்கிற மணலையும் உப்பையும் துடையுங்கள், இல்லாவிட்டால் அதெல்லாம் சீலுக்குள் போகும். கலிப்பரைப் பிரேக் ஒயில் ஓஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டுங்கள். பல ஏ.டி.வி.களில் பின் கலிப்பரிலேயே பார்க்கிங் பிரேக்கும் இருக்கும். முதலில் அதைத் தளர்த்த வேண்டும், பூட்டிய பிறகு திரும்பவும் சரிபார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பிஸ்டன் உள்ளே போகவில்லையென்று சுத்தியலைத் தூக்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

சத்தம் வருகிறதென்று டிஸ்கில் தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? பேட் அதை உறிஞ்சினால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பூட்டி முடிந்ததும் வாகனத்தை எடுக்காதீர்கள். பெடல் இறுகும்வரை நின்ற இடத்திலேயே மிதியுங்கள். முதல் மிதியில் பெடல் கீழே போய்விடும், பிரேக் இருக்காது. பல ஏ.டி.வி.களில் பின் அச்சுக்கு ஒரே டிஸ்க்தான், இரண்டு பின் சில்லுக்கும் அது ஒன்றுதான் துணை. தயவுசெய்து, இந்த ஒரு நிமிடத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடற்கரையில் ஓடிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வீட்டுக் கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீரில் கழுவிப் பிரயோசனமில்லை, குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். புதுப் பேட் போட்ட பிறகு முதல் சில நூறு கிலோமீற்றர் மெதுவாகப் பிடியுங்கள். அதுவரை கொஞ்சம் வழுக்கும். பேட் கள்ளச் சாமான் என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போக வேண்டாம்.