மூன்று புள்ளி பூட்டு அல்ல

"மடிச்சுத்தானே அனுப்பினோம், அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம், ஈமாக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பு மென்பொருளில் தொழிலாளர் பட்டியல் வைத்திருப்பவர்களிடமிருந்து இந்தக் கேள்வி சலிக்கச் சலிக்க வருகிறது. சேமலாப நிதி, வீட்டுத்திட்டம், புலமைப்பரிசில் என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆர்க் கோப்பு (தலைப்பு தலைப்பாக மடித்து விரிக்கக்கூடிய ஈமாக்ஸ் கோப்பு) இருக்கும். தோட்டத்துக்கு ஒரு தலைப்பு, டிவிஷனுக்கு ஒரு துணைத்தலைப்பு. அதன் கீழே பெயர், லய (தோட்ட வரிசை வீட்டு) எண், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு. டேப் விசையைத் தட்டினால் எல்லாம் மடிந்து, தலைப்புக்குப் பின்னால் மூன்று புள்ளி மட்டும் நிற்கும். அதைச் சேமித்து அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள்.

மடிப்பது அழிப்பது அல்ல, பூட்டுவதும் அல்ல. கோப்பில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. எழுத்தின் மேல் 'இன்விசிபிள்' என்ற அடையாளம் ஒட்டப்படுகிறது. அதுவும் ஈமாக்ஸின் நினைவகத்தில் மட்டும் இருக்கும், வட்டில் எழுதப்படாது. வாங்கியவர் நோட்பேடில் திறந்தால் முழுப் பட்டியலும் விரியும். மடித்த தலைப்பைத் தெரிவுசெய்து மெட்டா-டபிள்யூவால் (மெட்டா என்பது பெரும்பாலும் ஆல்ட் விசை) நகலெடுத்தால் உள்ளே இருப்பதும் கூடவே வரும். பிடிஎஃப் ஆக்கினாலும் மடித்த பகுதி முழுதாக அச்சாகும். நீங்கள் பார்க்காமல் இருப்பதற்குத்தான் அந்த மடிப்பு, மற்றவர் பார்க்காமல் இருப்பதற்கு அல்ல.

மூன்று புள்ளி இல்லையென்றால் மறைவாக ஒன்றுமில்லை என்பதும் தவறு. எதை மறைப்பது, புள்ளி காட்டுவதா வேண்டாமா என்பதை ஈமாக்ஸில் 'பஃபர்-இன்விசிபிலிட்டி-ஸ்பெக்' என்ற மாறி (உள் அமைப்பு) தீர்மானிக்கிறது. ஒரு வகை எழுத்தைப் புள்ளியே இல்லாமல் மறைக்கும்படி யாரும் நிரல் எழுதலாம். ஆகவே வெளியே அனுப்புமுன் மெட்டா-எக்ஸ் கொடுத்து 'விசிபிள்-மோட்' (visible-mode) என்று அடியுங்கள். மறைந்ததெல்லாம் தெரியும், மறுபடி அடித்தால் பழைய நிலைக்குத் திரும்பும். கீழ்ப்பட்டையில் 'நரோ' (Narrow) என்று இருந்தால் அது வேறு விஷயம்: கோப்பின் ஒரு துண்டு மட்டும் காட்டப்படுகிறது, கண்ட்ரோல்-எக்ஸ், என், டபிள்யூ அடித்தால் முழுதும் வரும்.

இன்னொரு பக்கம், தெரியாமல் அழிப்பது. மடித்த தலைப்பு வரியின் தொடக்கத்தில் நின்று கண்ட்ரோல்-கே அடித்தால் தலைப்போடு அடியிலுள்ள நூறு பெயரும் போய்விடும். ஒரு வரிதானே போனது என்று நினைத்துச் சேமித்துவிடுவார்கள். 'ஆர்க்-சிடிஆர்எல்-கே-ப்ரொடெக்ட்-சப்ட்ரீ' (org-ctrl-k-protect-subtree) என்ற மாறி இயல்பில் 'நில்' (nil), அதாவது காப்பு இல்லை. அதை 'எரர்' (error) ஆக்கிவிடுங்கள், அப்படி அழிக்க ஈமாக்ஸ் மறுத்துவிடும். தயவுசெய்து இன்றே செய்யுங்கள். ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? கோப்பை மூடாதீர்கள். கண்ட்ரோல்-ஸ்லாஷ் அடித்தால் சேமித்த பிறகும் மீளும்.

அடையாள அட்டை இலக்கத்தை வெறும் எண்ணாக நினைப்பவர்களுக்கு ஒன்று. பழைய ஒன்பது இலக்க எண்ணின் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். எண் ஒன்றே பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும். கூடவே வங்கிக் கணக்கும் போனால் ஏமாற்றுக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

பெயர் மட்டும் அனுப்ப வேண்டுமா? தேவையில்லாத கிளைகளை மடித்து, பகுதியைத் தெரிவுசெய்து கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-எக்ஸ், வி. இது கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நகலெடுக்கும். புதுக் கோப்பில் ஒட்டி, ஒருமுறை வாசித்துவிட்டு அனுப்புங்கள். பிடிஎஃப் என்றால் கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-இ அடித்து வரும் பட்டியலில் கண்ட்ரோல்-வி அடியுங்கள், தெரிவது மட்டும் அச்சாகும். எப்போதுமே அச்சாகக் கூடாத தலைப்புக்கு 'நோஎக்ஸ்போர்ட்' (noexport) குறிச்சொல் போடுங்கள்.

பென் டிரைவில் கோப்புறையோடு கொடுப்பவர்கள் பெயரின் கடைசியில் அலைக்குறி (~) உள்ள கோப்பையும் பாருங்கள். அது ஈமாக்ஸ் வைக்கும் பழைய பிரதி. நீங்கள் நீக்கிய இலக்கங்கள் அதில் அப்படியே இருக்கலாம்.

உண்மையில் பூட்ட வேண்டியதைப் பூட்டுங்கள். கணினியில் ஜிஎன்யூபிஜி (கோப்புகளை மறையாக்கிப் பூட்டும் GnuPG நிரல்) இருந்தால், கோப்பின் பெயர் '.ஜிபிஜி' (.gpg) என முடியும்படி சேமித்தால் போதும். திறவுகோல் எதையும் தெரிவுசெய்யாமல் ஓகே கொடுத்தால் கடவுச்சொல் கேட்டுப் பூட்டும். பழைய, பூட்டாத கோப்பையும் அதன் அலைக்குறிப் பிரதியையும் அழித்துவிடுங்கள். கடவுச்சொல்லை அதே வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், ஃபோனில் வாயால் சொல்லுங்கள்.