பூனைக்கும் உண்டு விசர்நோய்த் தடுப்பூசி: திருகோணமலையில் கட்டாக்காலிப் பூனைகளுக்கு உணவிடுவோர் அறிய வேண்டியவை

சுகாதார அமைச்சின் பொதுச் சுகாதார மிருக வைத்திய சேவையினால் இலவசமாக ஏற்றப்படும் விசர்நோய்த் தடுப்பூசி நாய்களுக்கு மட்டும் உரியதன்று, பூனைகளுக்கும் உரியது. ஆயினும் தடுப்பூசி ஏற்றும் நாளில் நாயைச் சங்கிலியிற் கட்டி அழைத்து வருபவர்களுள் பலர், அதே வீட்டுத் திண்ணையில் உறங்கும் பூனையை விட்டுவிட்டே வருகின்றனர். இதற்கு நம் சட்டங்களின் வரலாறும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். 1901 ஆம் ஆண்டின் பதிவுக் கட்டளைச் சட்டம் நாய்களைப் பற்றியது. பேச்சு வழக்கிலும் இந்நோய் ‘விசர்நாய்க்கடி’ என்றே நிலைத்துவிட்டது. வைரசுக்கு அந்த வேறுபாடு தெரியாது. விசர்நாயிடம் கடிபட்ட பூனை, தன் உமிழ்நீரால் அதே நோயை மனிதருக்குக் கடத்தக்கூடும்.

தடுப்பூசி ஏற்றும் நாளையும் இடத்தையும் உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டறியலாம். குட்டிக்கு மூன்று மாதம் ஆகும்போது ஊசி ஏற்றி, பின்னர் ஆண்டுதோறும் மீள ஏற்றுவதே பொதுவான முறை. பூனையைக் கையில் தூக்கிச் செல்வது ஆபத்தானது. கூட்டத்தையும் நாய்களையும் கண்டதும் அது கீறிக்கொண்டு பாய்ந்துவிடும். மூடியுள்ள கூடையிலோ காற்றோட்டமுள்ள துணிப்பையிலோ கொண்டு செல்லுங்கள். வழங்கப்படும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கடி நேர்ந்தால் வைத்தியர் முதலில் கேட்பது அதையே.

பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை உள்ளிட்ட அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைக்குக் கட்டணமில்லை. கடித்த பூனையைக் கொன்றுவிடாதீர்கள். அதை 14 நாட்கள் கண்காணிப்பதே சிகிச்சையைத் தீர்மானிக்க உதவுகிறது.

இனி இனப்பெருக்கத்துக்கு வருவோம். பெண் பூனை நான்கைந்து மாதங்களிலேயே சினைப்படக்கூடும். சினைக்காலமோ ஒன்பது வாரங்களே. பகல் நீளம் அதிகம் மாறாத நம்முடையது போன்ற நாட்டில் அது ஆண்டு முழுவதும் ஈனும், பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் சினைப்படவும் செய்யும். மீன் சந்தையையும் உட்துறைமுக வீதியையும் அண்டியிருப்போர் இதைக் கண்ணால் காண்பவர்கள். ஆகவே அறுவையின்றி, ஓர் ஊசியாலோ மாத்திரையாலோ இதை நிறுத்த முடியாதா என்று அவர்கள் கேட்பது நியாயமே.

முடியும், ஆனால் தற்காலிகமாக. மெஜெஸ்ட்ரோல் மாத்திரையும், பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ஏற்றப்படும் மூன்று மாத ஊசியில் உள்ள அதே மெட்ராக்சிபுரோஜெஸ்டரோனும் பூனையின் வேட்கையை அடக்குகின்றன. எனினும் இவற்றை அளவு தெரியாமல் தொடர்ந்து கொடுத்தால் கருப்பையில் சீழ் கட்டுதல், மடி வீக்கம், மடிப் புற்றுநோய், நீரிழிவு ஆகியன ஏற்படக்கூடும். ஏற்கெனவே சினையாயுள்ள பூனைக்குக் கொடுத்தால் பிரசவமே ஆபத்தாகும். தெருப் பூனை சினையா இல்லையா என்பதைப் பார்த்த பார்வையில் சொல்லிவிட முடியாது. மருந்துக்கடையில் வாங்கி மீன் துண்டில் வைத்துக் கொடுக்கும் பழக்கத்தை, அது எவ்வளவு இரக்கத்தோடு செய்யப்பட்டாலும், நான் ஏற்க மாட்டேன்.

இதைவிட நம்பிக்கையூட்டும் முறைகள் ஆய்வில் உள்ளன. இனப்பெருக்க இயக்குநீருக்கு (ஹோர்மோனுக்கு) எதிராக உடலையே எதிர்ப்புக் கொள்ளச் செய்யும் கோனாகான் என்னும் தடுப்பூசி, 2011 இல் வெளியான ஓர் ஆய்வில், 15 பெண் பூனைகளுள் 14 ஐ முதலாம் ஆண்டில் கருத்தரியாமற் காத்தது. ஐந்தாம் ஆண்டில் அப்பயன் நான்கு பூனைகளிலேயே எஞ்சியிருந்தது. 2023 இல் அமெரிக்க ஆய்வாளர்கள், சினைமுட்டைப் பைகளின் செயலைத் தடுக்கும் இயக்குநீரைப் பூனையின் தசையே சுரக்குமாறு செய்யும் மரபணு ஊசியொன்றின் பயனை வெளியிட்டனர். ஒரே முறை ஊசி ஏற்றப்பட்ட ஆறு பூனைகளும் ஆண் பூனையுடன் விடப்பட்டும் ஈனவில்லை. ஊசி ஏற்றப்படாத மூன்றும் ஈன்றன. ஆறு பூனைகளிற் கண்டதைக் கொண்டு ஓர் ஊருக்குத் திட்டம் வகுக்க முடியாது என்றாலும், பிடித்து, மயக்கி, அறுத்து, ஆறவைத்து விடும் முழு உழைப்பையும் ஓர் ஊசி மிச்சப்படுத்தும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

அதுவரை நிலையான வழி கருத்தடைச் சத்திரசிகிச்சையே. பூனையைப் பிடிப்பது கடினமான வேலையாதலால், மயக்கத்தில் இருக்கும் அதே வேளையில் விசர்நோய்த் தடுப்பூசியையும் ஏற்றுமாறு மிருக வைத்தியரிடம் கேளுங்கள். கருத்தடை எதுவும் விசர்நோயைத் தடுக்காது. காது நுனியைச் சிறிது வெட்டி அடையாளமிட்டால் அதே பூனையை மறுமுறை மயக்கி அறுக்க நேராது. பின்னர் அதனைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். சாக்கிற் கட்டித் தொலைவில் விட்டு வந்தால், மீன் கழிவு கிடைக்கும் அந்த வெற்றிடத்துக்கு ஊசி ஏற்றப்படாத வேறு பூனைகள் வந்து சேரும். அடித்தோ நஞ்சிட்டோ வதைப்பது 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும்.